நெடுந்தீவில் ஒரு வாசிப்புப் பணி: நன்கொடை தர விரும்புவோருக்கு எங்கள் அனுபவம்

யாழ்ப்பாணத்தை அண்டிய தீவுகளான தீவகத்தின் பாடசாலைகளுக்கு உதவ முன்வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை புத்தகங்கள் வேண்டும் என்பதையே. புலம்பெயர்ந்த உறவினர்களும் இங்குள்ள நண்பர்களும் சேர்ந்து திரட்டிய நிதியைக் கொண்டு, நெடுந்தீவின் ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 2023ஆம் ஆண்டு நாங்கள் வாசிப்புப் பணியைத் தொடங்கினோம். அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: திரட்டும் பணத்தில் பெரும்பங்கு, தீவிலேயே குடியிருந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கும் ஒருவரின் கொடுப்பனவுக்குப் போக வேண்டும்.

இதற்குக் காரணம் கடல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போனால்தான் நெடுந்தீவை அடையலாம். குடாநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்களின் நாளை அந்தப் படகின் நேரமே தீர்மானிக்கிறது. காற்றுக் கடுமையானால் படகு ஓடாது. ஓடும் நாட்களிலும் மாலைப் படகைத் தவறவிட முடியாது. ஆகவே பின்தங்கிய பிள்ளையைப் பாடசாலை விட்ட பிறகு தனியே இருத்திப் படிப்பிக்க அவர்களுக்கு மனம் இருந்தாலும் நேரம் இருப்பதில்லை. இலவசப் பாடநூல் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் போய்ப் பார்த்த பல வீடுகளில் அதைத் தவிர வேறு அச்சுத்தாள் இல்லை. 2020இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள், எழுத்துகள் கையில் படிய வேண்டிய காலத்தில் கொரோனாவால் பாடசாலை மூடப்பட்டு வீட்டிலிருந்தவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன்னர், அதிபரின் இணக்கத்துடன் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கக் கேட்டோம். நான்காம் தரச் சிறுமி ஒருத்தி பாடநூலின் பக்கமொன்றைத் தடங்கலின்றி ஒப்புவித்தாள். அதே பக்கத்தின் நடுவிலிருந்த 'கொடி' என்ற சொல்லை மட்டும் விரலால் காட்டிக் கேட்டபோது 'கெடி' என்றாள். கொம்பைக் கண்டவுடன் 'கெ' என்று முடிவு செய்துவிட்டாள். பின்னால் நின்ற 'ா' என்ற அரவை அவள் பார்க்கவில்லை. பக்கம் முழுவதையும் செவிவழியாக மனப்பாடம் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளையை வகுப்பில் அடையாளம் காண்பது கடினம், ஏனெனில் கூட்டாக வாசிக்கும்போது அவளுடைய குரலே உரக்கக் கேட்கும். உதவி செய்யப் போகும் எந்தக் குழுவும் இந்தத் தனிக் கணிப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

அனுமதி பெறும் வேலைக்குப் பொறுமை தேவைப்பட்டது, ஆனால் குழப்பம் இருக்கவில்லை. அதிபரின் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்தோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் திட்டத்தை விளக்கினோம். கொடுத்த பொருட்கள் யாவும் பாடசாலையின் பதிவேட்டில் ஏறின. வெளியார் ஒருவர் பிள்ளைகளோடு பழகப் போகிறார் என்றால் இந்தக் கேள்விகள் கேட்கப்படத்தான் வேண்டும்.

புத்தகத் தெரிவில் நாங்கள் பார்த்தது எழுத்தின் அளவையும் வரியின் நீளத்தையுமே. கொடையாகக் கிடைத்த பழைய நூல்களில் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. அவற்றை அனுப்பாமல் தவிர்த்தோம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் படிநிலை வாரியாக, அச்சிட்டுப் பகிரும் உரிமையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மட்டுமே உள்ள கதைகளைத் தெரிந்து, உள்ளூர் அச்சகத்தில் அச்சிட்டோம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும் என்பதால், கம்பிக்குப் பதிலாக நூலால் தைத்துத் தரும்படி கேட்டோம். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழுவதற்கு முன்னர், கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனியில், பொலித்தீனில் சுற்றி உரப்பைகளில் கட்டிய பொதிகள் படகேறின. இரும்பு அலுமாரிக்குப் பதிலாக, கறையான் ஏறாதபடி சுவரிலிருந்து விலக்கி வைத்த மர றாக்கை ஒன்றைப் பாடசாலை ஒதுக்கித் தந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாசிப்பு உதவியாளரின் நியமனம். உயர்தரம் முடித்த, தீவிலேயே வாழும் இளம்பெண் ஒருவரை அதிபரும் பெற்றோருமே தெரிவு செய்தார்கள். மாதக் கொடுப்பனவை நாங்கள் பொறுப்பேற்றோம். பாடசாலை விட்டபின் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை இருத்தி, முதலில் அவர் வாசிப்பார். பிறகு பிள்ளை விரல் வைத்து வாசிக்கும். தடுக்கிய சொல்லைக் கரும்பலகையில் எழுதி, கொம்பையும் அரவையும் வேறு நிறச் சுண்ணக்கட்டியால் காட்டுவார். படகு ஓடாத நாட்களிலும் இந்த வகுப்பு நடந்தது. அவருக்குப் பிள்ளைகளின் வீடு தெரியும். வராத பிள்ளையைத் தேடி அன்று மாலையே போய்விடுவார். தொலைவிலிருந்து பணம் அனுப்பும் எங்களால் எவ்வளவு முயன்றாலும் இதைச் செய்ய முடியாது. சில தாய்மார் வகுப்பு வாசலில் நின்று கேட்கத் தொடங்கி, பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்ததும் இவ்வாறு நேர்ந்ததே.

'கெடி' என்று சொன்ன சிறுமி அந்த ஆண்டு முடிவதற்குள், முன்பின் பார்த்திராத கதையொன்றை மெதுவாக, தன் முயற்சியில் வாசித்தாள். எல்லாரும் அந்த நிலைக்கு வரவில்லை. ணகர னகரத்திலும் லகர ளகர ழகரத்திலும் தடுமாறுவோர் இருக்கிறார்கள், கண்பார்வைப் பரிசோதனை தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். நன்கொடை தர விரும்புவோரிடம் இப்போது நாங்கள் முதலில் கேட்பது, உதவியாளரின் கொடுப்பனவை ஒரு முழு ஆண்டுக்கு உறுதிசெய்து தர முடியுமா என்பதையே. அந்த உறுதி கிடைத்த பிறகுதான் புத்தகப் பட்டியலை அனுப்புகிறோம்.