விளக்கு வைக்கும் நேரம்

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு மாலை, சிங்கப்பூரின் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு அம்மாவுடன் யீஷூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். யீஷூன் அவென்யூ 2இல் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, பக்கத்துத் தடத்தில் நின்ற டாக்சி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். அவர் சொல்ல வந்தது புரிவதற்கு எனக்கு இரண்டு மூன்று விநாடிகள் ஆயின. மணி ஏழே கால். என் காரின் விளக்குகள் எரியவில்லை. மத்திய விரைவுச்சாலையிலும் அதைத் தொடர்ந்து சிலேத்தார் விரைவுச்சாலையிலும் இருபது நிமிடங்கள் அப்படியேதான் வந்திருக்கிறேன். முன்விளக்குப் போடாத காரில் பின்விளக்கும் எரிவதில்லை. வேலை முடிந்து மலேசியாவின் ஜொகூருக்குத் திரும்பும் மோட்டார்சைக்கிள்கள் வரிசை வரிசையாக உட்லண்ட்ஸ் நோக்கி விரையும் நேரத்தில், அவற்றுக்கு முன்னால் ஓர் அடர்நீலக் காரை இருட்டோடு இருட்டாக ஓட்டி வந்திருக்கிறேன் என்பதை நினைத்தபோது கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல் சாமி மாடத்தில் விளக்கேற்றினார். எங்கள் வீட்டில் அந்தி என்பதற்கு வேறு பெயர் கிடையாது. அது விளக்கு வைக்கும் நேரம். அந்த வேலையை நினைவுபடுத்த அம்மாவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. எனக்கோ அன்று கண் முன்னால் கடிகாரம் இருந்தும் தோன்றவில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதைப் பிறகு நிதானமாக யோசித்தேன். என் காரின் மீட்டர்கள் பகலிலும் ஒளிர்பவை. பழைய கார்களில் இருட்டியதும் வேகமானி தெரியாமல் போகும். அதைப் பார்ப்பதற்காகவாவது கை விளக்குச் சுவிட்சைத் தேடும். இப்போது அந்த நினைவூட்டல் இல்லை. சாலை விளக்குகளும் நம் ஊரில் அவ்வளவு நன்றாக எரிவதால், சொந்த விளக்கின் வெளிச்சம் இல்லாததை ஓட்டுநர் உணர்வதில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கில் இருக்கும் இந்தத் தீவில் அந்தியும் குறுகியது. சூரியன் மறைந்து இருபது இருபத்திரண்டு நிமிடங்களில் நன்றாக இருட்டிவிடும். மாலை 7 முதல் காலை 7 வரை விளக்கு எரியவேண்டும் என்பது சட்டம். ஆனால் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குப் பத்து நிமிடங்களுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. பிப்ரவரியிலோ ஏழே காலைத் தாண்டி மறைகிறது. காலையிலும் அப்படித்தான்: 1982 தொடங்கும்போது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து ஏழு மணி என்பது பல மாதங்களில் விடியும் பொழுதாகவே இருக்கிறது. எனவே கடிகாரத்தை நம்புவதைவிட வெளிச்சத்தையே அளக்கும் ஒரு கருவியை நம்புவது மேல் என்று தீர்மானித்தேன்.

என் கார் 2013இல் பதிவான ஜப்பானிய செடான். கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருப்பதால், புதுக் கார் வாங்கித் தானியங்கி விளக்கு வசதியைப் பெறும் எண்ணம் இல்லை. இருட்டியதும் விளக்கைத் தானே போடும் ஒரு சிறு தொகுப்பை இணையத்தில் 38 வெள்ளிக்கு வாங்கினேன். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும், பொத்தான் அளவில் ஒரு ஒளி சென்சாரும், சில ஒயர்களும் இருந்தன. வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்தேன். வாகனத்தில் செய்யும் மாற்றங்களை அனுமதிக்கப்படாதவை, அனுமதி பெறவேண்டியவை, அனுமதி தேவைப்படாதவை என்று ஆணையம் மூன்றாகப் பிரிக்கிறது. பல்பு, பிரதிபலிப்பான், ஒளியின் நிறம் ஆகியவற்றைத் தொடும் எண்ணமே எனக்கு இல்லை. தொழிற்சாலை பொருத்திய ஹாலோஜன் பல்பு அப்படியே இருக்க, அதைப் போடும் கை மட்டும் மாறவேண்டும். இருந்தாலும் வாகனச் சோதனை நிலையம் ஒன்றில் நேரில் விளக்கிக் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே பணத்தைச் செலவழித்தேன். இதைப் படித்துவிட்டுச் செய்ய நினைப்பவர்களும் தங்கள் காருக்குத் தாங்களே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனி இந்த வேலையின் உயிர்நாடியான விஷயத்துக்கு வருகிறேன். காரின் விளக்குச் சுவிட்சுக்கு ஒரு தானியங்கிக் கருவியை இரண்டு விதமாக இணைக்கலாம். சுவிட்சுக்குச் செல்லும் ஒயரை வெட்டி, நடுவில் கருவியை வைப்பது ஒன்று. ஒயரை வெட்டாமல், சுவிட்சுக்கு இணையாகக் கருவியைச் சேர்ப்பது மற்றொன்று. முதல் வழியில் கருவி பழுதானால் விளக்கே எரியாது. இரண்டாவது வழியில் கருவி பழுதானாலும் ஓட்டுநரின் கை எப்போதும் போல் வேலை செய்யும். விளக்கு என்பது உயிர் காக்கும் பொருள் என்பதால் இரண்டாவது வழியைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன்.

இணையாகச் சேர்ப்பது என் காரில் எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அந்த மின்சாரம் ஸ்டியரிங் அருகே இருக்கும் சுவிட்சு வழியாகச் செல்வதில்லை. அது ரிலே வழியாக, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்சு வழியாகச் செல்கிறது. சுவிட்சு செய்வதெல்லாம், ரிலேயின் சுருளிலிருந்து வரும் ஒயரைக் காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடுவதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, சுவிட்சு அணைந்திருக்கையில் அந்த ஒயரில் 12 வோல்ட் காட்டியது. போட்டதும் சுழியத்துக்கு இறங்கியது. அப்படியானால் என் கருவியும் இருட்டியதும் அதே ஒயரை எர்த்தில் சேர்த்தால் போதும். ஆம்பியரில் ஏழில் ஒரு பங்கு அளவே அதன் வழியாகப் பாயும். எல்லாக் கார்களும் இப்படி இருப்பதில்லை. சிலவற்றில் சுவிட்சு நேர்மின் பக்கத்தில் இருக்கும். பல ஐரோப்பியக் கார்களில் சுவிட்சு ஒரு கணினிக்குச் செய்தி மட்டுமே அனுப்பும். அவற்றில் இந்த முறையை முயன்றால் கணினி பழுதாகலாம். ஆகவே மல்டிமீட்டரால் சோதிக்காமல் ஒரு ஒயரையும் தொடக்கூடாது.

ஒயர், ஃபியூஸ், வெப்பத்தில் சுருங்கும் குழாய் ஆகியவற்றைச் சிம் லிம் டவரில் வாங்கினேன். மின்னணுச் சாமான்களுக்கு இன்றும் அந்தக் கட்டடத்தை விட்டால் எனக்கு மனம் நிறையும் இடம் வேறில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடத்தில் காரைப் பிரித்துப் போட்டு வேலை செய்வது முறையன்று என்பதால், சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கும் மச்சானின் முற்றத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரைக் கொண்டுபோனேன்.

முதல் வேலை, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது. ஸ்டியரிங்கில் காற்றுப்பை இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கியில் சிறிது ஆற்றல் தங்கியிருக்கும். 90 விநாடிகளாவது காத்திருக்கவேண்டும் என்று பழுதுபார்க்கும் கையேடுகள் கூறுகின்றன. நான் பத்து நிமிடங்கள் காத்திருந்தேன். காற்றுப்பையின் ஒயர்களுக்கு மஞ்சள் உறை போட்டிருப்பார்கள். அவற்றை இழுக்கக்கூடாது, மல்டிமீட்டரின் முனையை அவற்றில் வைக்கவே கூடாது, ஏனெனில் மீட்டர் செலுத்தும் மிகச் சிறிய மின்சாரமும் காற்றுப்பையை வெடிக்கச் செய்துவிடலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் உறையை மூன்று திருகாணிகள் பிடித்திருந்தன. அதைக் கழற்றியதும் விளக்குச் சுவிட்சின் இணைப்பான் கண்ணில் பட்டது. பின்விளக்குக்கு ஒன்று, முன்விளக்குக்கு ஒன்று என எனக்கு வேண்டியவை இரண்டே ஒயர்கள்.

இங்கே ஒரு தவறு செய்தேன். தொகுப்போடு வந்த கவ்வும் இணைப்பான்களைப் பயன்படுத்தினேன். ஒயரின் மேல் வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்போடு சேர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, வேகத்தடை ஒன்றின் மேல் ஏறி இறங்கும்போது முன்விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மறுபடியும் பிரித்துப் பார்த்தபோது, அந்தத் தகடு மெல்லிய செம்பிழைகளில் சிலவற்றை அறுத்திருந்ததும், மீதமுள்ளவை தளர்ந்திருந்ததும் தெரிந்தது. ஒயரை வெட்டாத வழி என்று நம்பிச் செய்தது பாதி வெட்டியதில் முடிந்திருக்கிறது. காயம்பட்ட பகுதியைச் சீர்செய்து, ஈயப்பற்று வைத்து, சுருங்கும் குழாயால் மூடி, அதன் மேல் துணி நாடாவைச் சுற்றினேன். ஈயப்பற்று வைத்த இடம் அதிர்வில் முறியாமலிருக்க, ஒயரைப் பக்கத்துக் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். இதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. முதல் நாளே கொடுத்திருக்கவேண்டிய நேரம் அது.

கருவிக்கு மின்சாரத்தைச் சாவி திருப்பினால் மட்டுமே உயிர்பெறும் ஃபியூஸிலிருந்து எடுத்தேன். அதற்கென 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியே வைத்தேன். மச்சான் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: “அது அணையாம அப்படியே நின்னுட்டா என்ன செய்வீங்க?” நியாயமான கேள்வி. கருவியின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பழுதாகி மின்சாரத்தைக் கடத்தும் நிலையிலேயே நின்றுவிட்டால், சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்து, காலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எனவே கருவியின் எர்த் ஒயரில் ஒரு சிறு சுவிட்சை வைத்து, முழங்காலுக்கு மேலே கை எட்டும் இடத்தில் பொருத்தினேன். அதை அணைத்தால் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதற்குத்தான் அதிகம் அலைந்தேன். முன்கண்ணாடியின் வலது கீழ்ப்பக்கத்தில் சாலைக் கட்டணக் கருவி இருப்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. அதன் ஒயர்களுக்கு அருகில் எதையும் செருகக்கூடாது. டேஷ்போர்டின் இடப்பக்கம், கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் வைத்தேன். கண்ணாடியும் அதில் ஒட்டியிருக்கும் ஃபிலிமும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆகவே சென்சார் காண்பது நாம் வெளியில் நின்று காணும் வெளிச்சம் அன்று. இதை மறந்து, வெளியில் அளந்த எண்ணை அப்படியே வைத்தவர்களின் கார்கள் நடுப்பகலில் மரநிழலுக்கெல்லாம் விளக்குப் போடும்.

ஒளியளவைத் திருத்துவதற்குப் பெட்டியில் ஒரு சிறு திருகு உண்டு. எந்த அளவில் வைப்பது? ஐக்கிய நாடுகளின் 48ஆம் எண் வாகன விளக்கு விதிமுறை இதற்கு ஒரு தெளிவான வழியைத் தருகிறது: சுற்றுப்புற வெளிச்சம் 1,000 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 விநாடிகளுக்குள் விளக்கு எரியவேண்டும், 7,000 லக்ஸுக்கு மேலே போனால் 5 விநாடிகள் கழித்து, ஆனால் 300 விநாடிகளுக்குள் அணையவேண்டும், இடைப்பட்டதைத் தயாரிப்பாளர் முடிவு செய்துகொள்ளலாம். எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் இவ்வளவு இடைவெளி எதற்கு என்பதை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் ஒருமுறை ஏறினால் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு மாடியின் ஓரத்திலும் வெயில், நடுவில் நிழல். இடைவெளி இல்லாத கருவி ஏழு மாடிக்கும் கண்சிமிட்டிக்கொண்டே போகும். என் பெட்டியின் திருகை 1,500 லக்ஸ் அளவில் எரியும்படியும், வெளிச்சம் திரும்பிய பின் 20 விநாடிகள் கழித்து அணையும்படியும் வைத்தேன். காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் 9 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் விளக்கு எரிகிறது. வெளியே வந்து நிதானமாக அணைகிறது. அந்த நுழைவாயிலில் முதன்முறையாக அது தானே எரிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மழைதான் மீதம். விடியற்காலைகளில் மேற்கிலிருந்து அடித்து வரும் சுமத்ராப் புயற்காற்றில் வானம் எட்டு மணிக்கும் கறுத்திருக்கும். அப்போது சட்டப்படி விளக்கு நேரம் முடிந்திருந்தாலும் கருவி சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் பிற்பகலில், வானம் வெளுத்தபடி கொட்டும் மழையில், சென்சார் மூவாயிரம் லக்ஸைக் கண்டு விளக்குத் தேவையில்லை என்று இருந்துவிடுகிறது. முன்னால் செல்லும் லாரியோ தண்ணீர்த் திரையில் மறைந்துபோகிறது. வெளிச்சம் இருப்பதும் பார்வை தெளிவதும் வேறு வேறு. இந்தக் கருவிக்கு முதலாவது மட்டுமே தெரியும். வைப்பரோடு விளக்கை இணைக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. நான் அதைச் செய்யவில்லை. வைப்பரைத் தொடும் கை விளக்கையும் தொடவேண்டும் என்று பழகிக்கொண்டேன். காரின் பழைய சுவிட்சை அப்படியே விட்டுவைத்ததன் பயனை மழை நாட்களில்தான் முழுமையாக உணர்கிறேன்.

பத்து ஆண்டு கடந்த கார் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகவேண்டும். இந்த மார்ச்சில் போனபோது நானாகவே சோதனையாளரிடம் சொல்லி, சிறு சுவிட்சை அணைத்தும் போட்டும் காட்டினேன். அவர் விளக்கின் சாய்வையும் ஒளியையும் வழக்கம்போல் அளந்துவிட்டு அனுப்பிவைத்தார். எந்த நிற ஒயரில் எது சேர்ந்திருக்கிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது, எதை அணைத்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று படம் வரைந்து, நாளைக்கு இந்தக் காரைப் பிரிக்கப்போகும் மெக்கானிக்குக்காக ஆங்கிலத்திலும் எழுதி, கையுறைப் பெட்டியில் பதிவுத் தாள்களோடு வைத்திருக்கிறேன்.