இரண்டாம் பாகத்தின் காசு யார் உழைத்த காசு?

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு ஒரு பழக்கம். பெரிய படம் வந்த மறுநாளே வசூல் போஸ்டர் ஒன்றை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவான். முதல் நாள் இத்தனை கோடி, மூன்று நாளில் இத்தனை கோடி. கீழே ஒரு வரி: "நீ என்னண்டா படம் சரியில்லை எண்டு சொல்லுறாய்." இரண்டாம் பாகங்கள் வரும்போதுதான் இந்தச் சண்டை சூடு பிடிக்கும்.

இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று நாள் வசூலை இரண்டாம் பாகத்தின் கணக்கில் எழுதவே கூடாது என்பது என் கட்சி. படத்தை இன்னும் பார்க்காத ஒருவன் எதை நம்பி ரிக்கெட் எடுக்கிறான்? முதல் பாகத்தை நம்பி. அந்தக் காசை உழைத்தது பழைய படம்.

'இந்தியன்' வந்தது 1996 மே மாதம். அப்போது யாழ்ப்பாணம் எந்த நிலையில் இருந்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 95 ஒக்டோபரில் இடம்பெயர்ந்த சனம் தென்மராட்சியில் இருந்து மெல்ல மெல்ல வீடு திரும்பிக்கொண்டிருந்த காலம். கூரை இருக்கிறதா, கிணறு இறைக்கலாமா என்பதுதான் கதை. எனக்குத் தெரிந்த ஒருவர்கூட அந்தப் படத்தை அந்த நேரம் தியேட்டரில் பார்க்கவில்லை. பிறகு கரண்ட் வந்து, வாடகைக் கொப்பியிலும் ரிவியிலும் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையில் இருந்த பொடியன்கள் இரண்டு விரலை மடக்கி ஒருவன் கழுத்தில் ஒருவன் வர்மம் போட்டு அடி வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. தயாரிப்பாளருக்கு எங்களிடமிருந்து ஒரு சதம் போயிருக்காது. ஆனால் அந்தப் படத்தின் கிழவன் சேனாபதியின் பெயர் மனதில் நின்றுவிட்டது.

அந்தப் பெயரை வைத்துத்தான் 28 வருடம் கழித்து, 2024 ஜூலையில், இரண்டாம் பாகத்தின் முதல் காட்சிக்கு இங்கே கூட்டம் வந்தது. காசே கொடுக்காமல் விரும்பிய ஒரு படத்துக்கு, இன்னொரு படத்தின் வாசலில் காசு கட்டினோம்.

இதை நான் எங்கே இருந்து பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா ஒரு தியேட்டருக்குப் பக்கத்து வளவில் சைக்கிள் பார்க் வைத்திருக்கிறார். பெரிய படம் வந்தால் நானும் போய்த் துண்டு கொடுப்பேன். ஒரே இலக்கத்தை இரண்டு தரம் எழுதிய மட்டைத் துண்டு. ஒரு பாதி ஹாண்டிலில், மறு பாதி ஆளின் சேர்ட் பொக்கற்றில். படம் முடிந்து வந்து அந்தப் பாதியை நீட்டும்போது வாயிலிருந்து வருகிறதே, அதுதான் விமர்சனம். யோசித்துப் பேச நேரமில்லை, பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். "ஒருக்காப் பாக்கலாம்" என்றால் சுமார். "பாட்டு நல்லம்" என்றால் படம் சரியில்லை. ஒன்றும் பேசாமல் துண்டை நீட்டிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டால் பெரிய நட்டம். அதே பொடியன் இரண்டு நாள் கழித்து டியோ ஸ்கூட்டரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தால், சரி, படம் தப்பிவிட்டது.

'இந்தியன் 2' முடியும்போது மூன்றாம் பாகத்தின் ட்ரெய்லர் போட்டார்கள். அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே பாதிப் பேர் துண்டோடு நின்றார்கள். "என்ன அண்ணை, முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "எங்களுக்கு முடிஞ்சுது தம்பி" என்றார் ஒருவர். வந்த சில நாளிலேயே படத்தில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் வளவு நிறையவில்லை.

மச்சான் விடமாட்டான். "தயாரிப்பாளருக்கு லாபம்தானே?" லாபம் என்று எதைச் சொல்கிறான் என்பதுதான் சிக்கல். படம் திரைக்கு வருமுன்பே ஓடிடி உரிமை, தொலைக்காட்சி உரிமை, பாட்டு உரிமை, வெளிநாட்டு உரிமை எல்லாம் பேசி முடிக்க முடியும். பழைய வெற்றிப்படத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு '2' போட்டால் அந்தப் பேச்சு இன்னும் சுலபம். மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று பேசிய தொகை, கொடுத்து வாங்கிய விநியோகஸ்தருக்குத்தான் பிறகு தலையிடி. எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான், காசை உள்ளே போகும்போதே வாங்கிவிடுவார். படம் நல்லதோ கூடாததோ, அந்தக் காசு திரும்பாது.

இதில் எங்களுக்கு ஒரு சின்னச் சொந்தமும் இருக்கிறது. '2.0', 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்கள், 'சந்திரமுகி 2', 'இந்தியன் 2' எல்லாவற்றின் பின்னாலும் இருந்தது லைக்கா என்ற தயாரிப்பு நிறுவனம். அதன் முதலாளி சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். இரண்டாம் பாகங்களில் இவ்வளவு நம்பிக்கை வைத்த வன்னிக்காரர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். 'பொன்னியின் செல்வனை' நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரே கதையை இரண்டாக வெட்டியது. ஆனாலும் 2023இல் வந்த இரண்டாம் பாகம் முதலாவதைவிடக் குறைவாகத்தான் வசூலித்தது.

எதிர்ப்பக்கம் போனால் 'பாகுபலி'. கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்ற கேள்வியை 2015இல் தொங்கவிட்டுப் போனார்கள். 2017இல் பதிலைச் சொன்ன படம் ஆயிரம் கோடியைத் தாண்டிய முதல் இந்தியப் படம் ஆனது. அங்கேயும் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்தது பழைய படம்தான். ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தது புதுப் படத்துக்காக. என் கணக்கில் வெற்றி என்றால் இந்த இரண்டாம் தரம் வருகிற காசுதான்.

மலையாள 'திருஷ்யம் 2' இன்னும் வேடிக்கை. 2021 பெப்ரவரியில் நேரே அமேசான் பிரைமுக்கு வந்தது. தியேட்டர் வசூல் என்று சண்டை பிடிக்க ஒன்றுமே இல்லை. மச்சான் அனுப்பப் போஸ்டரும் இல்லை. ஆனால் பார்த்த எல்லோரும் அடுத்தவனைப் பிடித்து உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ராகவா லோரன்ஸின் பேய்ப் படங்கள். 'முனி' 2007, 'காஞ்சனா' 2011. இரண்டாவது படம் முதலாவதை அப்படியே விழுங்கிவிட்டது. அதன் பிறகு வந்தவையெல்லாம் 'காஞ்சனா 2', 'காஞ்சனா 3' தான்; முனியின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. சரத்குமார் அந்தச் சேலையோடு நடந்து வந்த காட்சிக்கு இன்றைக்கும் ரிவியில் போட்டால் எங்கள் வீட்டில் சமையல் நிற்கும். விமர்சகர்கள் முகம் சுளிக்கிற 'அரண்மனை' வரிசையும் அப்படித்தான். 2024இன் முதல் பாதியில் பெரிய படங்களே தள்ளாடியபோது நாலாவது 'அரண்மனை' ஓடியது. பார்க் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் ஹெல்மெட் தொங்கியது. நல்ல படமா என்று கேட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் பிள்ளைகள் கேட்டதை அது கொடுத்தது.

மச்சானின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. காசு இல்லாமல் விருப்பம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'ஆயிரத்தில் ஒருவன்' சாட்சி. 2010 பொங்கலுக்கு வந்தபோது பாதிப் பேருக்கு அது பிடிபடவில்லை. கடைசிப் பகுதியில் மறைந்து வாழ்ந்த சோழச் சனம் அழிக்கப்பட்டதை இங்கே எவரும் வெறும் சோழர் கதையாகப் பார்க்கவில்லை. வருடம் போகப் போக விருப்பம் கூடி, 2020 கடைசியில் திரும்பத் திரையிட்டபோது தமிழ்நாட்டில் நல்ல வரவேற்புக் கிடைத்தது. மறுநாளே, 2021 புதுவருடத்தில், தனுஷோடு இரண்டாம் பாகம், 2024இல் வரும் என்று அறிவித்தார்கள். 2024 போய்விட்டது. படம் வரவில்லை. என் சிநேகிதர்களில் எவனைக் கேட்டாலும் முதலில் சொல்லும் இரண்டாம் பாகம் இதுதான், இதற்குப் பணம் போட ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாம். வந்தால் நான் சித்தப்பாவிடம் அன்றைக்கு லீவு கேட்டு, முதல் காட்சிக்கே உள்ளே போய்விடுவேன். அதுவும் பழைய படத்தின் காசுதான், தெரிந்துதான் கொடுப்பேன்.