அது எந்த ஊர் வலை?

வகுப்பில் வாசித்த படக்கதைப் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் வலை. வலைக்குள் ஆமை. வலையைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள் மட்டும் தெரியும், முகம் கிடையாது. முன்வரிசையில் இருந்த பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இது எங்க அப்பா வலையா?"

"இல்லம்மா, அது வேற ஊர் வலை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

கைக்குக் கிடைத்ததை எடுத்துவந்து படித்த புத்தகம் அல்ல அது. கதை நேரத்துக்குப் பொறுக்கும்போது எந்தப் புத்தகத்தையும் முதலில் பத்தடி தள்ளி நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். கடைசி வரிசைக்கு விலங்கின் கண் தெரியாவிட்டால் அது மடியில் வைத்து ஒரு பிள்ளைக்குப் படிக்கத்தான் லாயக்கு, இருபது பேருக்கு உதவாது. பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் போனால் படம் பார்த்து முடித்த கண்கள் ஜன்னலுக்குப் போய்விடும். வழவழப்பான தாள் வெளிச்சத்தில் மின்னிப் படத்தையே மறைக்கும். கம்பிப் பின் அடித்த புத்தகம் நம் உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறி, நடுத்தாள் கழன்று கையோடு வரும். பசை போட்ட முதுகு அகல விரியாது. இரண்டு பக்கமும் சேர்ந்து வரைந்த யானையின் முகம் மடிப்புக்குள் போய்விடும். நூல் தையல் என்றால் கூடுதல் விலை கொடுத்தும் எடுக்கலாம்.

அடுத்தது படத்தில் உள்ள உண்மை. காட்டு விலங்கில் ஓவியர் கொஞ்சம் தவறினால் கடந்துவிடும். கடலில் தவறினால் இந்தக் கரைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். கணவாய்க்கு எட்டுக் கை போட்டிருந்தால் எண்ணிப் பார்த்துவிட்டு "இது பேய்க்கணவாய்" என்பார்கள், அதாவது ஆக்டோபஸ். சரிதான், கணவாய்க்கு எட்டோடு நீளக் கை இரண்டு சேர்த்துப் பத்து. உயிர் நண்டைச் செக்கச்சிவப்பாகப் போட்டால் "அவிச்ச நண்டு எப்படி டீச்சர் நடக்கும்?" கடல்பசு என்று அச்சிட்டிருந்தாலும் முதலில் இந்தக் கரையில் அதற்குள்ள 'ஆவுளியா' என்ற பெயரை வாசித்துவிட்டு, அப்புறம் புத்தகப் பெயரைச் சொல்ல வேண்டும். அம்மா ஆமை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போகும் கதைகள் நிறைய வருகின்றன, அவற்றை எடுப்பதேயில்லை. முட்டையை மணலில் மூடிவிட்டுப் போன ஆமை குஞ்சைப் பார்க்கத் திரும்பி வராது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை பொரிப்பகத்திலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்த பிள்ளைகளிடம் அந்தக் கதை எடுபடாது.

அந்த ஆமைப் புத்தகம் இதில் எல்லாவற்றிலும் தேறியது. குஞ்சு தனியாகக் கடலுக்கு ஓடியது, ஓட்டின் கட்டங்கள்கூடச் சரி. தேர்வு செய்தபோது ஆமையை மட்டும் பார்த்திருக்கிறேன். கைகளைப் பார்க்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, அதனால் பிள்ளையைக் கூட்டிப்போக அப்பாவே வந்து வாசலில் நின்றிருந்தார். அவருக்கு நான் சொன்னது கேட்டிருக்கும். ஆமை 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. 'எங்க வலையில ஆமை வந்துச்சு' என்று யாரும் வெளியில் சாதாரணமாகச் சொல்லும் பேச்சல்ல. அவர் முன்னால், ஐந்து வயதுப் பிள்ளையிடம், வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்தைத் திருப்பியது சரி என்றுதான் அன்று இரவுவரை நினைத்தேன்.

'வேற மாதிரி வலை' என்றிருந்தால்கூடப் பாதி உண்மை. படத்தில் இருந்தது கையால் இழுக்கும் வலை, அவர் தொழில் விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலை. ஆனால் ஆமைக்கு அந்த வித்தியாசம் இல்லை. அது நுரையீரலால் மூச்சு விடும் உயிர்; எதில் மாட்டினாலும் மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும். ஆமை மாட்ட வேண்டும் என்று மீனுக்குப் போகிறவர் வலை போடுவதில்லை. அது மாட்டினால் வலைதான் கிழியும், நட்டம் அவருக்கு. வலையை அறுத்து விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். "மாட்டினா அப்பா என்ன செய்வாங்க?" என்று அவளையே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இருபது பிள்ளைகள் நடுவில் அப்பாவுக்காக அவள் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வேற ஊர் என்றேனே, அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று பாட்டி வீட்டுக்கு வந்து அதே பாயில் உட்கார்ந்திருந்தால்?

இப்போது புத்தகத்தில் மனிதக் கை வரும் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறேன்: கை என்ன செய்கிறது, அதற்கு முகம் இருக்கிறதா என்று. இந்தச் சோதனையை விடாமல் பிடித்தால் நம் கடல் வரும் நல்ல புத்தகங்களில் பாதி கழிந்துபோகும். மிஞ்சுவது முயலும் யானையும். தினமும் கடலைப் பார்க்கும் பிள்ளைக்குத் தாளில் மட்டும் கடல் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய குறையாகப் படுகிறது.

இந்தத் தடைக்காலத்துக்கு எட்டுப் புத்தகம் வேண்டும். ஏழு முடிவாகிவிட்டது. எட்டாவதாக அந்த ஆமைப் புத்தகத்தைப் புத்தகக் கட்டுக்குள் வைப்பதும், ஆறாம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே எடுப்பதுமாக இருக்கிறேன்.