தூக்காத கை

“நீச்சல் தெரியாதவங்க கை தூக்குங்க. வெட்கப்பட ஒன்னுமில்ல.”

கோச் அம்மா கேட்டது இவ்வளவுதான். நாலு கை உயர்ந்தது. அக்கவுண்ட்ஸ் பெண்கள் இருவர், பங்களாதேஷ் வெல்டர் ஒருவர், அப்புறம் கிரேனில் பாரம் கட்டுகிற எங்கள் ரிக்கர் தம்பி. ஐந்தாவதாக என் கை உயர்ந்திருக்க வேண்டும். அது லைஃப் ஜாக்கெட் பக்கிளை நோண்டிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் காலாங்கில் கம்பெனி டிராகன் படகு அணிக்கு அன்றுதான் முதல் பயிற்சி. நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பக்கிளின் ‘கிளிக்’ சத்தம் காதில் இருக்கிறது.

கும்பகோணத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாது என்றால் சிரிப்பார்கள். படித்துறையில் மூன்றாவது படிக்குக் கீழே அம்மா என்னை இறங்க விட்டதேயில்லை. இதை ஒருநாள் லாரியில் வரும்போது நானேதான் தம்பியிடம் சொன்னேன். அவன் புதுக்கோட்டைப் பக்கம். “எங்கூர்ல தண்ணியே இல்லண்ணே, நீந்தத் தெரியல. காவேரிக்கரைல பொறந்த ஒங்களுக்கு என்னண்ணே?” என்று சிரித்தான். ஆகவே அவனுக்குத் தெரியும். மறந்திருப்பானோ என்றும் சில நாள் நினைத்துப் பார்க்கிறேன். மறந்திருக்க மாட்டான்.

கோச் எங்களை எடை பார்த்து ஜோடி ஜோடியாக நிறுத்தினார். பத்து வரிசை, வரிசைக்கு இருவர், இரண்டு பக்கமும் எடை ஒத்துப்போக வேண்டும். நீச்சல் தெரியாத நாலு பேரையும் தெரிந்தவர்கள் பக்கத்தில் பிரித்துப் போட்டார். ஐந்தாவது வரிசையில் தம்பியும் நானும். என் தோளைத் தட்டி, “இவன் உன் ஆள். படகு கவிழ்ந்தா முதல்ல இவன் தலை எங்கன்னு பாரு. அப்புறம் படகப் பிடி” என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். “அண்ணே, நீங்க…”

“துடுப்ப ஒழுங்காப் பிடி.”

அவ்வளவுதான் பேச்சு. வேலையிடத்தில் என்னை ‘சார்’ என்பான், டார்மிட்டரியில் ‘அண்ணே’. அன்று அண்ணே என்றுதான் ஆரம்பித்தான். நான் சார் குரலில் பதில் சொன்னேன்.

நான் சேஃப்டி ஆள். அதைச் சொல்லாமல் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. தினமும் காலை வேலைக்கு முன் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்கில், “தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, மானம் போகாது” என்று தொண்டை வறளக் கத்துகிறவன். அன்று என் பின்னால் புராஜெக்ட் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். சேஃப்டிக்காரனே கை தூக்கினால் திங்கட்கிழமை என் பேச்சை யார் மதிப்பார்கள் என்று அந்த இரண்டு விநாடியில் கணக்குப் போட்டேன். பொய் சொல்லவில்லையே, சும்மா இருந்தேன், அவ்வளவுதானே என்றும் உடனே ஒரு பதில் தயாராகிவிட்டது.

துடுப்புப் போடுவது கையால் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். இடுப்பைப் படகின் ஓரத்தோடு ஒட்டி உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி வெளியே சாய்ந்து, துடுப்பின் அலகு முழுக்க முங்கும்படி குத்தி, முதுகால் இழுக்க வேண்டும். கண் தண்ணீரில் இருக்கக் கூடாது, முதல் வரிசை ஆட்களின் துடுப்பில் இருக்க வேண்டும். தம்பிக்கு அது உடனே பிடிபட்டது. கிரேன் தூக்கும்போது சிக்னல்மேன் கையை விட்டுக் கண்ணெடுக்காத பழக்கம். நான் தண்ணீரையே பார்த்தேன். என் துடுப்பு முன்னிருக்கைக்காரர் துடுப்பில் ‘டக் டக்’ என்று இடித்தது. வெளியே சாயச் சொன்னால் உள்ளே சாய்ந்தேன். அவன் இடப்பக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தான், நான் வலப்பக்கத்திலிருந்து அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று சுக்கான் பிடித்தவர், “அஞ்சாம் வரிசை, எடை ஒரே பக்கம் போகுது!” என்று இரண்டு தடவை கத்தினார். என் பயத்தின் பாரம் அவன் பக்கம்தான் இறங்கியது.

கரைக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது கோச் சூ யுவான் கதையைச் சொன்னார். நாட்டின் தலைநகர் வீழ்ந்த துயரத்தில் மிலுவோ ஆற்றில் குதித்த சீனக் கவிஞர். ஊர் மக்கள் அவரைக் காப்பாற்றப் படகுகளில் விரைந்தார்கள், கிடைக்கவில்லை. உடலை மீன்கள் தின்னாதிருக்கச் சோற்றை ஆற்றில் எறிந்தார்கள். சீனச் சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் படகுப் போட்டியும், கடைகளில் நாம் பார்க்கிற இலையில் பொதிந்த அரிசி உருண்டையும் அதிலிருந்து வந்தவை என்பார்கள். முங்கினவனைத் தேடிப் போன படகு. கேட்டுக்கொண்டே தம்பி தன் லைஃப் ஜாக்கெட் வாரை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது: எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் காலாங் நீர்த்தேக்கமாகிவிட்டது, கடல் ஏற்ற இறக்கம் கிடையாது. கரை கண்ணுக்கெட்டின தூரம். எல்லாம் சரிதான். ஆனால் ஆபத்தை நீக்கு, மாற்று, தடுப்பு வை, நடைமுறை வகு, இதற்கெல்லாம் அப்புறம் கடைசியாகத்தான் பாதுகாப்புக் கவசம் என்று அந்தத் தலைகீழ் முக்கோணத்தை வெள்ளைப் பலகையில் எத்தனை முறை வரைந்திருக்கிறேன்.

அன்றிரவு ஃபோனில் தேடிப் படித்தேன். 2007 நவம்பர், கம்போடியாவின் புனோம் பென், தொன்லே சாப் ஆறு. சிங்கப்பூர் தேசிய அணியின் படகு கவிழ்ந்து ஐந்து வீரர்கள் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. தேசிய அணி வீரர்களையே ஆறு கொண்டுபோகும் என்றால், எனக்கு நீச்சல் தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஓர் ஆறுதல் வந்ததே என்று அடுத்த நிமிடம் எழுந்து உட்கார்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். ஒன்றும் நடக்காததற்குத்தான் எங்கள் தொழிலில் ‘நியர் மிஸ்’ என்று பெயர், அதற்கொரு படிவமும் உண்டு. எடுத்து தேதி, இடம் வரை எழுதினேன். கம்பெனி விளையாட்டுக்கு இந்தப் படிவம் பொருந்துமா என்ற சந்தேகம் சரியான நேரத்தில் வந்தது. டிராயரில் இருக்கிறது.

தம்பி ஏன் வாயைத் திறக்கவில்லை? மரியாதை என்று முதலில் நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அவன் தூக்குகிற ஒவ்வொரு பாரத்துக்கும் பெர்மிட் என் மேசை வழியாகத்தான் போகிறது. அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன். கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனே வந்தான். “நாளைக்கு நான் வரல சார், ஓவர்டைம் இருக்கு.”

ஞாயிறு வேலைக்கான பெர்மிட்டிலும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஞாயிறு எந்தப் பெர்மிட்டும் இல்லை. “சரிப்பா” என்றேன்.

காலாங்கில் கோச் என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். “உன் ஆள் எங்க?”

“ஓவர்டைம்” என்றேன்.