"விடும்மா" என்று சொன்ன இரவு

நோயாளியின் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போட்டிருந்த டியூபைச் சுற்றிக் காற்றுக் கசிகிற அந்தக் கொரகொர சத்தம் நிற்கவில்லை, வென்டிலேட்டர் அலாரமும் விடாமல் கத்தியது. டியூபின் வெளிமுனையில் தொங்கும் சின்னப் பைலட் பலூன் வழியாக, உள்ளே டியூபைச் சுற்றி உப்பிக் கசிவை அடைக்கும் கஃபுக்குள் சிரிஞ்சால் காற்றை ஏற்றினேன், சத்தம் நின்றது. "அக்கா, கஃப் அழுத்தம் அளக்குற மானோமீட்டர் பக்கத்து ஐசியூவுலதான் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் கிருஷ்ணகிரிப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். பலூனை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, விடும்மா" என்றேன்.

காலையில் டியூட்டி மாறும்போது அளந்தார்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டியது 70ஐத் தாண்டியிருந்தது. 30க்கு மேல் போனாலே மூச்சுக்குழாயின் உள்சவ்வுக்கு ரத்தம் குறையும், அங்கே புண்ணாகி, ஆறும்போது தழும்பு சுருங்கி மூச்சுக்குழாயையே இறுக்கிவிடலாம். இதைப் புது நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

சரி, கசிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? அழுத்தம் 20க்குக் கீழே போனால் தொண்டையில் தேங்கும் எச்சில் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம். ஆறு படுக்கைக்கு அன்று நாங்கள் இரண்டே பேர். ஆனால் கஃபில் காற்று குறைந்ததால்தான் கசிகிறது என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன்? டியூப் கொஞ்சம் மேலே ஏறியிருந்தாலும் கசியுமே. டியூப் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் எண், உதட்டோரம் எது இருந்தது என்று பார்த்தேனா, எத்தனை தடவை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்த நோயாளி வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். பெங்களூரு பனசங்கரியில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு மாடிக்கும் நின்று நின்று ஏறுகிறாராம். ஆஸ்துமா என்று யாரோ இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில், கஃப் இருந்த இடத்திலேயே மூச்சுக்குழாய் குறுகியிருந்தது. 11 நாள் டியூப் இருந்ததே, ஒரு ராத்திரியால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது உண்மைதான். அந்த ராத்திரியால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாதே.

அப்புறம் கேட்டு வாங்கி, எங்கள் ஐசியூவிலேயே ஒரு மானோமீட்டர் வைத்தோம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளக்கிறோம், காற்று ஏற்றினால் உடனே மறுபடியும். ஆனாலும் என் கை இன்னமும் முதலில் பலூனைத்தான் தேடிப் போகிறது. அந்தப் பெண் அன்றைய பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. "அளந்தாச்சா?" என்று கேட்டால், "28 அக்கா" என்று எண்ணை மட்டும் சொல்கிறாள்.