கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்கு மாறிய கதை

"எவ்வளவு ஜிபிஏ இருந்தால் கிடைக்கும்?" கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஊரில் தமிழ் ஆட்கள் கூடும் இடத்தில் நான் மறுபடி படிக்கப் போனது பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். கட்-ஆஃப் பார்த்தே வளர்ந்த புத்தி நமக்கு, வேறு எப்படிக் கேட்போம்? மார்க் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மார்க் இல்லை. எந்தப் பாடத்தை எடுத்தோம், எடுத்த பாடம் அங்கே செல்லுமா என்பதுதான். இதை முதல் செமஸ்டரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வருடத்தில் பார்த்தால் இன்னொரு வருடம் கையை விட்டுப் போகும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் முடிந்ததும் கல்யாணம், அப்புறம் அமெரிக்கா, அப்புறம் குழந்தைகள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, 2021 இலையுதிர் பருவத்தில், ஃப்ரீமாண்ட்டிலேயே இருக்கும் ஓலோனி கல்லூரியில் சேர்ந்தேன். ஒரே மூச்சில் படிக்க முடியாது, வீடும் பார்க்க வேண்டும். அதனால் இரண்டு வருடப் படிப்புக்கு மூன்று வருடம் ஆனது. 2024-இல் மாறினேன்.

செலவுக் கணக்கைச் சொன்னால்தான் இந்த வழியை ஏன் எடுத்தேன் என்று புரியும். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், இங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பல்கலைக்கழகம் மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். ஆக 2760 டாலரில் பாதிப் பட்டப்படிப்பின் கட்டணம் முடிகிறது. புத்தகம், பார்க்கிங் எல்லாம் தனி. நிறையப் பெண்கள் கிரீன் கார்டு வந்தால்தான் படிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவிலேயே படிக்கலாம், இதற்கென்று மாணவர் விசாவான எஃப்-1 வாங்க வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டினால் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்கும். மத்திய அரசின் கல்வி உதவித் தொகை மட்டும் ஹெச்-4-இல் கிடையாது.

இனி பாடத்துக்கு வருகிறேன். அசிஸ்ட் என்று ஒரு அதிகாரபூர்வ இணையதளம் இருக்கிறது. எந்தக் கல்லூரியிலிருந்து, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) என்று மூன்றையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக நம் கல்லூரியில் உள்ள பாடம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி கட்டத்துக்குக் கட்டம் பொருத்தம் பார்க்க வேண்டியதுதான். சில இடங்களில் அவர்களுடைய ஒரு பாடத்துக்கு நம் கல்லூரியில் இரண்டு பாடம் முடிக்க வேண்டும் என்று இருக்கும். பெர்க்லி கணிதத் துறை இரண்டாம் ஆண்டில் நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் ஒரே பாடமாக வைத்திருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ்களில் பொதுவாக இவை இரண்டும் தனித்தனி வகுப்பு. ஒன்றை மட்டும் முடித்துவிட்டுப் போனால் அந்தப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சில கட்டங்களில் ஈடான பாடமே இல்லை என்றும் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போன பிறகு படித்துக்கொள்ளலாம்.

மேஜர் பாடங்கள் போக, பொதுக் கல்விப் பாடங்கள் என்று ஒரு மூட்டை இருக்கிறது. என் காலத்தில் அதற்கு ஐஜெட்சி என்று பெயர். ஆங்கிலக் கட்டுரை, தர்க்கம், கலை, வரலாறு, அறிவியல் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எடுக்க வேண்டும். கணக்குப் படிக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது. கடைசியில் எனக்கு அதிகம் கிடைத்தது இவற்றில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நிலவியல் (ஜியாலஜி) வகுப்பில் லேப் கட்டாயம். ஹேவர்ட் பிளவு எங்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. நிலம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருப்பதால் தெருவோரச் சிமெண்ட் விளிம்பு ஒரு இடத்தில் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கும். வாரம் தவறாமல் காய்கறி வாங்கப் போகும் வழியில் இருப்பதை, கையில் டேப்போடு குனிந்து அளந்தபோதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். 1868 நிலநடுக்கத்தில் இடிந்துபோன மிஷன் சான் ஹோசே தேவாலயம் கல்லூரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது நிற்பது பின்னாளில் எழுப்பியது. சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகங்களுக்கு எத்னிக் ஸ்டடீஸ் (இனக் குழுக்களைப் பற்றிய படிப்பு) ஒரு பாடம் வேண்டும் என்பதால் அதையும் எடுத்தேன். பகத் சிங் தின்ட் என்பவருக்குக் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1923-இல் சொன்ன தீர்ப்பை அங்கே படித்தோம். ஹெச்-1, கிரீன் கார்டு என்று புலம்பிக்கொண்டே இருக்கும் நாங்கள், 1965 சட்டத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் பட்டதைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறோம்.

ஸ்பீச் வகுப்பு வேறு மாதிரி. மேடையேறிப் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் என் மகளை விட நாலைந்து வயதே மூத்த பிள்ளைகள் முன்னால். என் காலத்தில் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா; பெர்க்லி, டேவிஸ் எல்லாம் இதில் சேர்த்தி) வளாகங்கள் இதைக் கேட்கவில்லை, சிஎஸ்யூ கேட்டது. நான் இரண்டுக்கும் விண்ணப்பிக்க நினைத்ததால் தப்பிக்க வழியில்லை. தெரிந்த விஷயத்தைப் பேசு என்றார் ஆசிரியர். பிரஷர் குக்கரைக் கொண்டுபோனேன். நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் அழுத்தத்தால் 120 டிகிரி வரை போவதையும், வெயிட் ஏன் எழும்புகிறது என்பதையும் சொல்லி, கேஸ்கெட்டைக் கழற்றிக் காட்டினேன். விசில் சத்தத்தை ஒரு பையன் கேட்டதே இல்லையாம். வாயாலேயே செய்து காட்டினேன். நடுக்கம் அத்தோடு போயிற்று.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஐஜெட்சியில் யூசிக்கு மட்டும் ஆங்கிலம் அல்லாத வேற்றுமொழித் தகுதி ஒன்று இருந்தது. பலர் இதற்காக ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ குறைந்தது இரண்டு வருடம் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடக்கும் பள்ளியில் நல்ல மதிப்பெண்ணோடு படித்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது. ஆதாரம்தான் கேட்டார்கள். என் பள்ளி டி.சி.யில் பயிற்று மொழி தமிழ் என்று எழுதியிருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டிய தாள். கல்லூரியின் கவுன்சிலர் (படிப்பு ஆலோசகர்) அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், மார்க் ஷீட்டையும் பார்த்தார், தேவையான படிவத்தை நிரப்பினார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. தமிழ் மீடியம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாழ்ந்த எனக்கு அன்றைக்குத் தனிச் சந்தோஷம்.

ஊரில் பாதியில் விட்ட பி.எஸ்சி. அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், அந்த மதிப்பெண் வேண்டுமோ வேண்டாமோ, யூசி விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம். ஆகவே டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். என் அப்பாதான் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலைந்தார். படிப்பை முடிக்காதவளுக்கு எதற்கு டிரான்ஸ்கிரிப்ட் என்று ஒரு மேசையில் கேட்டார்களாம். இன்னொரு மேசையில் சலான் கட்டிய ரசீது பழையதாகிவிட்டது, புதிதாகக் கட்டுங்கள் என்றார்களாம். சீல் வைத்த கவர் கடைசியில் வந்தது. இந்தியாவில் பெற்றோர் தெம்பாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள், சேரும் முடிவு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு இரண்டு செட் வாங்கிவையுங்கள், கவரைப் பிரிக்காதீர்கள்.

அந்த மதிப்பெண்களை நான் கணக்குப் பாடத்துக்குப் பயன்படுத்தவில்லை. கால்குலஸ் வரிசையை ஒரே கல்லூரியில் முதலிலிருந்து முடிப்பதே நல்லது என்று கவுன்சிலர் சொன்னார், எனக்கும் சரியாகப் பட்டது. பதினைந்து வருடத் துரு ஏறியிருந்தது. ஆனாலும் பிளஸ் டூவில் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த தொகையிடல் சூத்திரங்கள் எங்கோ இருந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக மேலே வந்தன. இரண்டாம் வருடம் கல்லூரியின் டியூட்டரிங் மையத்தில் வேலை கிடைத்தது. இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிடும்போது எதை முதலில் எடுப்பது என்று பிள்ளைகள் திணறுவார்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 'ஐலேட்' விதியைச் சொன்னேன். அவர்களுடைய ஆசிரியர் நேர்மாறுச் சார்பையும் மடக்கையையும் குறிக்கும் முதல் இரண்டு எழுத்தை மாற்றிப்போட்டு வேறொரு வரிசையில் சொல்லியிருந்தார். எது சரி என்று ஒரு பெண் விடாமல் கேட்டாள். நேர்மாறுச் சார்பும் மடக்கையும் சேர்ந்து ஒரே கணக்கில் வருவது அபூர்வம், அதனால் எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று இரண்டு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

யூசி விண்ணப்பத்தில் கட்டுரைகள் எழுதும்போது கைகொடுத்தது இந்த விஷயம்தான். மாறுதல் மாணவர்களுக்கு நான்கு கட்டுரை, ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். ஒன்று மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்ற கட்டாயக் கேள்வி, மற்ற மூன்றை ஏழிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்கள் குடும்பத்துக்காகத் தியாகம், சின்ன வயதிலிருந்தே கணக்கு உயிர் என்று ஆரம்பிப்பார்கள். என் ஆங்கில ஆசிரியர் அந்த மாதிரி வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, "நீ என்ன செய்தாய் என்று எழுது" என்றார். ஐலேட் தகராறை எழுதினேன்.

தேதிகள்: டேக் என்ற உத்தரவாத விண்ணப்பம் செப்டம்பரில் மட்டும். யூசி, சிஎஸ்யூ விண்ணப்பங்கள் நவம்பர் முடிவுக்குள். யூசிக்கு வளாகத்துக்கு 80 டாலர், சிஎஸ்யூவுக்கு 70. ஜனவரியில் யூசிக்கு மதிப்பெண்ணைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அது தனிப் படிவம், மறந்துவிடாதீர்கள்.

டேக் என்பது நல்ல ஏற்பாடு. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொல்லும் பாடமும் ஜிபிஏவும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் கிடையாது. நான் டேவிஸுக்குப் போட்டேன். சிஎஸ்யூ பக்கம் மாறுதலுக்கான அசோசியேட் பட்டம் என்று ஒன்று உண்டு. அதை முடித்தால் ஏதோ ஒரு சிஎஸ்யூ வளாகத்தில் இடம் நிச்சயம், ஆனால் நாம் ஆசைப்படும் வளாகம் நிச்சயம் இல்லை. கணிதத்தில் அதையும் முடித்துவைத்தேன். அந்த வருடம் மத்திய அரசின் கல்வி உதவித் தொகைக்கான ஃபாஃப்ஸா படிவம் தாமதமாக வெளிவந்து நாடு முழுக்கக் குழப்பம். வீட்டுக்காரர் சம்பளத்துக்கு எங்களுக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்பதால் அந்தத் தலைவலி எங்களுக்கு இல்லை.

முதலில் சிஎஸ்யூ வளாகமான சான் ஹோசே ஸ்டேட் இடம் கொடுத்தது. ஏப்ரலில் டேவிஸ் சரி என்றது, பெர்க்லி இல்லை என்றது. பெர்க்லி கிடைத்திருந்தால் பார்ட் ரயிலில் ஒரே வண்டி, யோசனையே இல்லாமல் போயிருப்பேன். "பெர்க்லி கிடைக்கலையாமே" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டவர்கள் உண்டு. ஒரு அக்கா மட்டும்தான் "டேவிஸுக்கு எப்படிப் போய் வருவே?" என்று உருப்படியாகக் கேட்டார்.

அதுதான் உண்மையான கேள்வி. ஃப்ரீமாண்ட் சென்டர்வில்லிலிருந்து கேபிடல் காரிடார் ரயில் டேவிஸுக்குப் போகிறது. ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். கணித ஆராய்ச்சி என்று பார்த்தால் டேவிஸ் பெரிய இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது வயதாக இருந்தால் விடுதியில் தங்கியிருப்பேன். சான் ஹோசேக்கு வார்ம் ஸ்பிரிங்ஸில் பார்ட் ஏறி பெர்ரியெஸ்ஸாவில் இறங்கிப் பஸ் பிடித்தால் போதும், மாலை பிள்ளைகள் வீடு வரும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். 2024-25-இல் சிஎஸ்யூவின் அடிப்படைக் கட்டணம் வருடத்துக்கு 6,084 டாலர், யூசியில் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு வேண்டியது பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. அதற்கு ஆசிரியர் பயிற்சியும் சான் ஹோசேயிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் டேவிஸ் போ, சமாளிக்கலாம் என்றார். வாரநாள் சமையலை அவர் எப்படிச் சமாளிப்பார் என்று எனக்குத் தெரியும். சான் ஹோசேக்குச் சரி சொன்னேன்.

இடம் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. கடைசி செமஸ்டர் முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் மட்டும் போதாது, பொதுக் கல்விப் பாடங்களை முழுவதும் முடித்துவிட்டதற்கான சான்றையும் சேர்த்து அனுப்பும்படி கல்லூரியிடம் நாமே கேட்க வேண்டும், தானாகப் போகாது. அது போகாவிட்டால் பல்கலைக்கழகம் தன்னுடைய விதிப்படி ஒவ்வொரு பாடமாகப் பார்க்கும், திரும்ப எடு என்று சிலவற்றைச் சொல்லவும் வாய்ப்புண்டு. போன பிறகு வரும் மதிப்பீட்டு அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள்.

இப்போது சேர்கிறவர்களுக்கு ஒரு மாற்றம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து ஐஜெட்சிக்குப் பதில் கால்-ஜெட்சி வந்துவிட்டது, யூசிக்கும் சிஎஸ்யூவுக்கும் ஒரே பட்டியல். ஸ்பீச் எல்லோருக்கும் உண்டு, எத்னிக் ஸ்டடீஸும் உண்டு. வேற்றுமொழிப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் சில யூசி வளாகங்களில் பட்டம் வாங்கும் நேரத்தில் மொழித் தகுதி கேட்பார்கள், அதனால் டி.சி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.