முகத்துக்கு முன் விளிம்பு

கொங்கு மண்ணில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை. அவற்றிலும் இரண்டே வகைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை அடையாளம் காணும் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் கண் ஏமாறுவது இங்கேதான். முகத்தைப் பார்த்ததும் பெயர் வாய்க்கு வந்துவிடும். அதன்பின் காசை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் தராசு. தெனாரியஸ் எனப்படும் இந்த வெள்ளிக்காசின் குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர் இருக்கும். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். தேய்மானம் போக 3.6 முதல் 3.8 கிராம் நிற்கும். கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதை 96 ஆக்கியதும் எடை 3.4 கிராமுக்கு இறங்கியது. அகஸ்டஸ் முகத்தோடு 3 கிராம்தான் நிற்கிறது என்றால், செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியதோ என்று சந்தேகப்பட வேண்டும். மூக்கு, கன்னம், விளிம்பு ஆகிய இடங்களில் பச்சை தட்டியிருக்கும். அது பழங்காலத்துக் கள்ளக்காசு. அதுவும் சான்றுதான், ஒதுக்கிவிடக் கூடாது. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் முகப்பில் ஊசிமுனைக் குழிகளும் இருந்தால் வார்த்த போலி. விளிம்பில் வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சம்மட்டி அடியில் வெள்ளி அப்படித்தான் வெடிக்கும்.

ஐயம் தீராவிட்டால் நூலில் கட்டித் தண்ணீரில் எடை போடலாம். 3.78 கிராம் காசு தண்ணீரில் 0.37 கிராம் குறைந்தால் அடர்த்தி (3.78 ÷ 0.37) 10.2, நல்ல வெள்ளி. செம்பு உள்ளே இருந்தால் 9ஐ ஒட்டி வரும். இதற்கு மில்லிகிராம் தராசு வேண்டும். 0.01 கிராம் பிசகினாலே விடை 9.9க்கோ 10.5க்கோ ஓடிவிடும். காசில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழிகூட நல்ல காசைக் கள்ளக்காசாகக் காட்டும்.

பிறகு பின்பக்கம். இரண்டு இளைஞர்கள் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருந்தால் அது அகஸ்டஸின் லுக்டுனம் அச்சு, இன்றைய பிரான்சின் லியோன் நகரம். நிற்பவர்கள் அவர் தத்தெடுத்த பேரர்கள் கையஸும் லூசியஸும். ஆட்சிக்கு வருமுன்பே இறந்துபோன அந்த இருவரும் கொங்கு மண்ணில் இத்தனை காலம் சேர்ந்தே நிற்பது மனதைத் தொடும். நாற்காலியில் செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் என்றால் திபேரியஸ். நாற்காலியின் கால் வெறுமையா, வேலைப்பாடா, அதன் அடியில் ஒரு கோடா, இரண்டா என்று குறித்தால் உட்பிரிவு கிடைக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பொருளில்லாத கீறல்களாக எழுத்து சிதைந்திருந்தால், ரோமானியக் காசைப் பார்த்து வேறொருவர் செய்த நகலாக இருக்கக்கூடும்.

திருநீறு, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்தால் மேல்தோலோடு எழுத்தும் போகும். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். கை தவறி விழுந்தால் உடையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மென்தூரிகையால் மண்ணை மட்டும் எடுத்தால் போதும்.

குவியலாகக் கிடைத்தால் காசுகளைப் பிரிக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்கும்போது, காசு இருந்த பானையின் ஓடுகளையும் அதில் ஒட்டிய மண்ணையும் சேர்த்தே கொடுங்கள்.